டக்கென்று நின்ற தோடி

எப்படிப் பிள்ளை சுகம்? பனி முழங்கால் அளவுக்கு விழுந்து கிடக்கிறது என்று மருமகன் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அதற்குள் காரை எங்கே நிறுத்துகிறாய்? போன வருடம் வழுக்கி விழுந்த கையில் இன்னும் நோவு இருக்கிறதா? பேத்தி சோறு தின்கிறாளா, இல்லை இன்னும் பாணும் முட்டையும்தானா? இங்கே எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. அம்மாவுக்குச் சீனி வருத்தம் கொஞ்சம் ஏறி இறங்குகிறது, நான் சொன்னதாகச் சொல்லாதே. கோயில் கும்பாபிஷேகம் வடிவாக நடந்து முடிந்தது. இப்போது மண்டலாபிஷேக நாட்கள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம், பூசை, மேளம், சோறு. எங்கள் வளவுக்கும் கோயிலுக்கும் இடையில் ஒரு ஒழுங்கைதான் என்று உனக்குத் தெரியும். தவிலுக்கு வார் இழுத்துத் தட்டிப் பார்க்கிற சத்தம் இதை எழுதும்போதே கேட்கிறது. எழுத்து அங்கே இங்கே ஆடினால் அதனால்தான். கை நடுக்கம் என்று நினைக்காதே. கை நடுக்கமும் கொஞ்சம் உண்டு.

நீ போன கிழமை ஃபோனில் பேசி அனுப்பியதை நாலு தரம் கேட்டேன். கிணற்றடியில் ஒருக்கால், மாமரத்தின் கீழ் ஒருக்கால், பிறகு இரண்டு தரம் குசினிக்குள். நீ சொன்னது எனக்கு இப்போது மனப்பாடம். "அப்பா, சிரிக்காதேங்கோ. எனக்குச் சங்கீதக் காது இல்லையெண்டு எனக்குத் தெரியும். பிள்ளை வயலின் பழகப் போறாள். நான் வெளியிலை காருக்குள்ளையே இருக்கிறன். உள்ளை வந்து இருந்து கேளுங்கோ எண்டு ரீச்சர் ஒவ்வொரு கிழமையும் கூப்பிடுறா. எனக்கு விளங்காதெண்டு சொல்லிப்போட்டன். இப்ப ஒரு கர்நாடக சங்கீதத் தொகுப்பு கண்டனான், ஆரம்பிக்கிறவைக்கு எண்டு போட்டிருக்கு. முப்பது துண்டு, ஒவ்வொண்டும் மூண்டு நாலு நிமிசம், உங்களுக்கும் அனுப்பியிருக்கிறன். அதிலை துவங்கினால் என்ரை மண்டையிலையும் ஏதும் ஏறுமோ? நீங்கள் ஸ்பீக்கர் வேலையிலை எத்தினை கச்சேரி கேட்டனீங்கள். உங்களைத்தானே கேக்கவேணும்."

நாலாம் தரம் கேட்டபோது அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. திருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. "பதில் சொல்லுங்கோவன். ஊரிலை உள்ளவன் எல்லாரோடையும் வாய் கிழியக் கதைக்கிறியள். பெத்த பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் மட்டும் நாக்கு உள்ளுக்குப் போட்டுதோ?"

"யோசிச்சுச் சொல்லுவம்" என்றேன்.

"முப்பது வருசமா யோசிச்சது காணாதோ?" என்றா. பிறகு மற்றப் பாதித் தேங்காயை எடுத்து, அது என் தலைபோலத் திருவத் தொடங்கினா.

அதற்குப் பிறகு கடைக்குப் போய் இந்தக் கொப்பியை வாங்கினேன். ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை, பிள்ளை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுதி முடிக்க நாலைந்து நாள் எடுக்கும், பரவாயில்லை. எழுதியதைக் கோயில் மலருக்குக் கொடுக்கப்போகிறேன். மலர் அச்சடிக்கிற வாத்தியாரிடம் கேட்டேன். "அண்ணை, மலருக்கு வாழ்த்துரை தருவினம், தேவாரம் தருவினம். மகளுக்கு எழுதின கடிதத்தை ஆர் தருவினம்?" என்று சிரித்தார். விசயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, எழுத்துப் பிழை மட்டும் திருத்துகிறேன், மற்றது ஒன்றிலும் கை வைக்கமாட்டேன் என்றார். அன்றைக்கு நான் செய்தது ஊர்ச் சனத்துக்கு முன்னால் செய்தது. ஆகவே இதையும் ஊர்ச் சனம் வாசிக்கட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஆறுதலாகக் கதைக்கலாம். உனக்குக் காது இல்லை என்று உன்னிடம் சொன்னவன் நான். அது பொய். சொல்லும்போதே பொய் என்று தெரிந்துதான் சொன்னேன்.

நீ பிறக்க முந்தியே நான் இந்த ஸ்பீக்கர் வேலைக்குள் இறங்கிவிட்டேன். இரண்டு புனல் ஸ்பீக்கர், ஒரு அம்பிளிபயர், ஒரு மைக். கொடிகாமம் சுற்றுவட்டாரத்தில் கோயில் திருவிழா என்றாலும் கல்யாண வீடு என்றாலும் தென்னையில் ஏறிப் புனல் கட்டுவது நான்தான். ஒருமுறை கல்யாண வீட்டுப் புனலை மறு பக்கம் பார்க்கக் கட்டிப்போட்டு, கெட்டிமேளம் முழுவதும் பக்கத்து ஒழுங்கையில் நடந்த செத்த வீட்டுக்குள் விழுந்தது. இரண்டு வீட்டாரும் ஒரே நேரத்தில் என்னைத் தேடி வந்தார்கள். அந்தக் கதையில் நான் தென்னையை விட்டு இறங்காமல் மூன்று மணித்தியாலம் இருந்தேன். அது கிடக்கட்டும். சொல்ல வந்தது தம்பிராசாவைப் பற்றி.

தம்பிராசா அந்த நாளில் முப்பதைத் தொட்ட நாயனக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். அவர் எங்கள் கோயில் மேளச்சமாவில் தோடி இராகம் வாசித்தால், சோற்றுப் பந்தியில் இருந்த சனம் கையைக் கழுவாமல் எழும்பி வந்து நிற்கும். ஒரு வருடம் துணிந்து கேட்டேன், உங்கள் வாசிப்பைக் கசெற்றில் பிடிக்கட்டுமா என்று. அவர் உடனே ஓம் சொல்லவில்லை. நாயனத்தின் சீவாளியை வாயில் ஈரப்படுத்திக்கொண்டே யோசித்தார். "பிடியுங்கோ அண்ணை. ஆனால் வெட்டாதேங்கோ. ஒரு இடத்திலும் வெட்டாதேங்கோ. வெட்டினால் அது நான் வாசிச்சதில்லை" என்றார். கோயில் வாசலில் நின்று சொன்னேன், ஒரு இழை குறையாமல் வைத்திருப்பேன் என்று. அவர் வாசித்தது ஒரு மணித்தியாலத்துக்கு மேலே. முழுவதையும் பிடித்தேன். இதுவரைக்கும் நான் நல்லவன்.

பிறகு கல்யாண வீடுகள் வந்தன. கல்யாண வீட்டில் மேளக்காரர் வர முந்தி, சனம் பலகாரம் தின்னும்போது, புனலில் ஏதாவது நாயனம் போகவேண்டும். முழுத் தோடியைப் போட்டேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து, "என்னப்பா, உது துவங்குமோ துவங்காதோ? மனிசன் இன்னும் தடவிக்கொண்டெல்லோ இருக்கிறான்" என்றார். ஆலாபனை என்பது அப்படித்தானே, பிள்ளை. தாளம் இல்லை, பாட்டு இல்லை, நாயனக்காரர் அந்த இராகத்தை அடியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துக்கொண்டு போவார். தாய்மாமனுக்கு அதற்குப் பொறுமை இல்லை. எனக்கும் அவரை மறுத்துச் சொல்லத் துணிவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு கசெற் போடுகிற ரேடியோவை வைத்துக்கொண்டு, நல்ல நல்ல இடமாகப் பொறுக்கி இன்னொரு கசெற்றில் ஏற்றினேன். தோடியில் நான் எடுத்தது, நாயனம் மெல்ல மெல்ல ஏறி மேலே போய் ஒரு சுரத்தில் அப்படியே அசையாமல் நிற்குமே, அந்த மூன்று நிமிடம். அதற்குப் பிறகு அது ஆறுதலாகக் கீழே இறங்கி வரும். இறங்குகிறதைக் கேட்க ஆருக்கு நேரம் என்று நினைத்து, நின்ற இடத்திலேயே பொத்தானை அமத்தினேன். டக். பிறகு இன்னொரு இராகத்தில் மூன்று நிமிடம். டக். பிறகு தவில் தனியில் கடைசித் தீர்மானம். டக். இப்படி இரண்டு பக்கமும். கசெற்றின் மேலே 'சிறந்த நாயன இசை' என்று என் கோணல் எழுத்தில் எழுதியும் வைத்தேன். முழுக் கசெற்றுக்கு என்ன நடந்தது என்று கேட்பாய். புதுக் கசெற் கிடைக்காத நேரம், அதன்மேல் சினிமாப் பாட்டு ஏற்றிவிட்டேன். கோயில் வாசலில் கொடுத்த வாக்கு அப்படிப் போனது.

நீ நடக்கத் தொடங்கி, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது சண்டையால் கரண்ட் இல்லை. புனல்கள் கொட்டிலுக்குள் கவிழ்ந்து கிடந்தன, கோழி முட்டையிட்டது. அந்த நாளில்தான் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் இருந்து வயர் எடுத்து நாங்கள் ரேடியோ கேட்டது. உனக்கு அது ஞாபகம் இருக்கும். ஆனால் நீ செய்தி கேட்கச் சுழற்றவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் கசெற்றைப் போட்டுவிட்டுச் சுழற்றுவாய். கை அலுத்தால் நாயனம் இழுபடும், கையை மாற்றிச் சுழற்றினால் நேராகும். உனக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் யாரும் கேள் என்று சொல்லவில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது வாயால் தோடி பாடுவாய். மேலே போய் நின்ற சுரத்தில் நீயும் நிற்பாய், மூச்சு முட்டும் வரை நிற்பாய், பிறகு "டக்" என்று சொல்லி வாளியை வைப்பாய். அம்மாவும் நானும் குசினிக்குள் இருந்து சிரிப்போம். டக் என்பதும் இராகத்தின் ஒரு பகுதி என்று நீ நினைத்தாய். அது நான் பொத்தான் அமத்தின சத்தம் என்று உனக்கு ஒரு நாளும் சொல்லவில்லை. அப்போது அது வெறும் பகிடி.

அந்த வருடத் திருவிழாவில் எல்லாம் பகலிலேயே வைத்தார்கள். நிலைமை அப்படி. மத்தியானப் பூசை முடிந்து மேளச்சமா. தம்பிராசா வருகிறார் என்று கேள்விப்பட்ட நாளில் இருந்து நீ நிலத்தில் நிற்கவில்லை. மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போய் முன் வரிசையில், கிட்டத்தட்ட நாயனத்தின் வாய்க்குக் கீழே இருந்தாய். பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் "எனக்கு உது தெரியும், எனக்கு உது தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் பின்னால் தூணோடு நின்றேன்.

தம்பிராசா தோடியைத் தொடங்கினார். உனக்குத் தெரிந்த இடம் வரவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம், அவர் இன்னும் கீழேயே நின்று வளர்க்கிறார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஏதோ பிழை நடக்கிறது, அப்பா வந்து சரிசெய்வார் என்பதுபோல ஒரு பார்வை. நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினேன். பிறகு அவர் ஏறத் தொடங்கினார். உன் முதுகு நிமிர்ந்தது, அதை நான் பின்னால் இருந்தே பார்த்தேன். ஏறி ஏறி மேலே போய் அந்தச் சுரத்தில் நின்றார். கோயிலில் ஒரு சத்தம் இல்லை, கைக்குழந்தைகூட அழவில்லை. அந்த நேரத்தில் நீ எழும்பி நின்று, "டக்!" என்று சொல்லிக் கையைத் தட்டி, "முடிஞ்சுது!" என்றாய்.

சனம் சிரித்தது. ஆரோ ஒருவன், "ஸ்பீக்கர்காரன்ரை மோள் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டாளடா!" என்று கத்தினான். தம்பிராசாவுக்கும் சிரிப்பு வந்து மூச்சு உடைந்தது. நாயனத்தை மடியில் வைத்தார். கோபப்படவில்லை. கையைக் காட்டி உன்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சை வாரும் பிள்ளை. இதிலை முடியுமெண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

"அப்பான்ரை கசெற்றிலை இதிலைதான் முடியும். பிறகு டக் எண்டு கேக்கும்" என்றாய். ஒரு பயமும் இல்லாமல், சந்தோசமாகச் சொன்னாய்.

அவர் தலையை நிமிர்த்தி, சனத்தின் மேலாகத் தூணடியில் நின்ற என்னைப் பார்த்தார். "என்ன அண்ணை?" என்று மட்டும் கேட்டார்.

ஓம் தம்பி, வெட்டினது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். நாலு சொல். சொன்னால் அவர் என்னை அடித்திருப்பாரா? இல்லை. சனம் இரண்டு நாள் பகிடி பண்ணியிருக்கும், அவ்வளவுதான். நான் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன். "பொய். அவள் பொய் சொல்லுறாள். என்ரை கசெற்றிலை முழுசாக் கிடக்கு. உவளுக்குக் காது இல்லைத் தம்பி. மரக்கட்டை. எவ்வளவு கேட்டாலும் ஒண்டும் ஏறாது" என்று சொல்லிக்கொண்டே உன் கன்னத்தில் அடித்தேன். நீ அழவில்லை. அடி விழுந்த கன்னத்தையும் பொத்தவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்தினாய். அந்த நிற்பு இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது, பிள்ளை. மஞ்சள் சட்டை, காதைப் பொத்திய இரண்டு கை.

உன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒழுங்கையில் வரும்போது பின்னால் நாயனம் திரும்பத் தொடங்கியது. நான் நடையைக் கூட்டினேன். மிச்சம் உன் காதில் விழுந்தால் உனக்கு எல்லாம் விளங்கிவிடும் என்று பயம்.

இன்னும் கேள். வீட்டுக்கு வந்ததும் நீ அழுதுகொண்டே என்னிடம் ஒன்று கேட்டாய். "அப்பா, கசெற்றை ஒருக்காப் போடுங்கோ. நான் பிழையாக் கேட்டிருப்பன். வடிவாக் கேட்டுப் பாப்பம்." என்னைப் பிழை என்று நீ சொல்லவில்லை. உன் காதைத்தான் சந்தேகப்பட்டாய். கசெற் பழுதாகிப் போய்விட்டது என்றேன். நீ முற்றத்துக்குப் போனதும் அதை உடைத்து, உள்ளே இருந்த ரேப்பை முழுவதும் இழுத்தேன். எறிந்தாலாவது பரவாயில்லை. குருவிக்குப் பயம் காட்ட, பின்வளவுக் குரக்கன் பாத்திக்கு மேலே தடிக்குத் தடி கட்டினேன். எல்லாரும் அப்படித்தானே கட்டுவார்கள், ஒருவருக்கும் சந்தேகம் வராது. காற்று அடித்தால் அது விர்ரென்று அதிரும். அந்தப் பாத்தியைத் தாண்டித்தான் நீ பள்ளிக்கூடம் போய் வந்தாய். உன் தோடி உன் தலைக்கு மேலே தொங்கியது, நீ புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டு நடந்தாய். கிணற்றடியில் பாடுவது நின்றது. பள்ளிக்கூடத்தில் சங்கீதப் பாடத்தை விட்டுச் சித்திரப் பாடம் எடுத்தாய். அம்மா ஒருநாள் பாத்தியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா. அவ எல்லாம் விளங்கிக்கொண்டா. ஆனால் உனக்கு முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது சரியா பிழையா என்று அவவோடு நீயே கதைத்துக்கொள்.

பல வருடம் கழித்து, நீ கனடாவுக்குப் போன பிறகு, மானிப்பாயில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தம்பிராசாவைக் கண்டேன். தலை நரைத்துவிட்டது, ஆள் அதே ஆள். தேத்தண்ணிக் கடைக்குள் கூட்டிக்கொண்டு போனார். நான் வெயிலைப் பற்றிக் கதைத்தேன், வெங்காயத்தைப் பற்றிக் கதைத்தேன். அவர் நேரே கேட்டார்.

"அந்த மஞ்சள் சட்டைப் பிள்ளை பாடுறாளோ அண்ணை?"

"இல்லைத் தம்பி. அவளுக்கு அதிலை பெரிசா நாட்டம் இல்லை."

"உங்களுக்குத் தெரியுமோ, கசெற்றிலை நான் வாசிச்சது ஒரு விதம், அண்டைக்கு வாசிச்சது வேறை விதம். நான் ஒருநாள் வாசிச்ச மாதிரி மற்ற நாள் வாசிக்கிறேல்லை. எண்டாலும் அந்தப் பிள்ளை சரியா அந்த இடத்திலை எழும்பினாள். அங்கை இருந்த பெரியாக்கள் ஒருத்தருக்கும் அந்த இடம் பிடிபட்டிராது. அவளுக்கு இருந்தது காது அண்ணை."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். "தம்பி, அந்தக் கசெற்..." என்றேன்.

"நீங்கள் வெட்டினது எனக்கு அண்டைக்கே விளங்கினது. பிள்ளைக்கு முன்னாலை தகப்பனை என்ன சொல்லுறது? வீட்டை போய் நீங்களே சொல்லுவியள் எண்டு இருந்தன்." சொல்லிவிட்டு எழும்பினார். "இன்னும் சொல்லேல்லையெண்டால் இனியாவது சொல்லிப்போடுங்கோ."

அதுவும் நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம். ஒவ்வொரு ஞாயிறும் நீ ஃபோன் எடுக்கிறாய். ஒவ்வொரு ஞாயிறும் பனியைப் பற்றிக் கேட்கிறேன், ஃபோனை வைக்கிறேன். அங்கே என் பிள்ளை தன் பிள்ளையின் வயலினைக் கேட்காமல், கண்ணாடியை ஏற்றிவிட்டு, பனிக்குள் காரில் இருக்கிறாள் என்று போன கிழமைதான் தெரிந்தது.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதைச் சும்மா வாயால் சொல்லக்கூடாது என்று நீ அனுப்பிய அந்தத் தொகுப்பை ஃபோனில் போட்டு, மூன்று நாளாக முப்பதையும் கேட்டேன். முதல் நாள் கோபத்தோடுதான் கேட்டேன். தொகுப்பு என்ற பெயரே எனக்குக் கன்னத்தில் அடி விழுந்ததுபோல. ஆனால் அவர்கள் என்னைப்போல டக்கென்று வெட்டவில்லை. ஆள் கதைத்துக்கொண்டே ஒழுங்கையில் தூரப் போவதுபோலச் சத்தத்தை மெல்லக் குறைத்துக் குறைத்து இல்லாமல் செய்கிறார்கள். மரியாதையான களவு என்று அம்மாவிடம் சொன்னேன். "நீங்கள் ஆரையும் களவெண்டு சொல்லாதேங்கோ" என்றா.

இரண்டாம் நாள் ஒன்று நடந்தது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா, பதினோராவதோ பன்னிரண்டாவதோ துண்டில் ஒரு பாட்டுக்காரி பாடினா, என்ன இராகம் என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. சத்தம் குறைந்து போனதும் அம்மா தலையை நிமிர்த்தி, "ஏன் நிப்பாட்டினனீங்கள்?" என்றா. "நான் நிப்பாட்டேல்லை, அவ்வளவுதான் கிடக்கு." "அதென்னெண்டு அவ்வளவு? அவ இப்பத்தானே வாயைத் திறந்தவ. மிச்சத்தைத் தேடுங்கோ." தேடினேன். முழுவதும் நாற்பது நிமிடம் இருந்தது. நாற்பது நிமிடமும் அம்மா வெங்காயம் உரித்தா, மூன்று நாளைக்குப் போதும். அந்தத் துண்டு இல்லாவிட்டால் அவ அந்தப் பாட்டுக்காரியின் பக்கமே போயிருக்கமாட்டா.

ஆகவே என் எண்ணம் இதுதான். தொகுப்பில் தொடங்கு, பிள்ளை. வெட்கப்படத் தேவையில்லை. சாகுமட்டும் என் கசெற்றைத்தான் திட்டவேண்டும் என்று நினைத்திருந்தேன், ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தக் கசெற் இல்லாவிட்டால் ஒன்பது வயதுப் பிள்ளை கை அலுக்க அலுக்கச் சைக்கிள் சுழற்றித் தோடி கேட்டிருக்குமா? முழு ஒரு மணித்தியாலத்துக்கு உன் கை தாங்கியிருக்காது. வெட்டிக் கொடுத்தது அல்ல நான் செய்த குற்றம். வெட்டியிருக்கிறது, இதற்குப் பிறகும் இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்தது குற்றம். நீ அனுப்பிய தொகுப்பு, தான் துண்டு என்று தன் முகத்திலேயே எழுதிக்கொண்டு வருகிறது. அந்த நேர்மை எனக்கு இருக்கவில்லை.

கேட்கும்போது ஒன்று செய். இராகம் என்ன, தாளம் என்ன என்று மண்டையைப் போட்டு உடைக்காதே. முப்பதையும் கேள். இருபத்தைந்து உன்னை ஒன்றும் செய்யாமல் போய்விடும், போகட்டும், என்னையும் ஒன்றும் செய்யவில்லை. எங்கேயோ ஒரு துண்டு முடியும்போது உனக்குக் கோபம் வரும், ஏன் இதில் நிறுத்தினான் என்று. அதை விட்டுவிடாதே. அந்தக் கோபம்தான் உன் காது. அந்த ஒன்றின் மிச்சத்தைத் தேடி முழுவதும் கேள், சோறு ஆக்கிக்கொண்டே கேள். நடுவில் அலுக்கும். அலுத்தால் காது இல்லை என்று அர்த்தம் இல்லை. நாயனக்காரருக்கே நடுவில் அலுத்து வெற்றிலை போடுகிறார். பிறகு அடுத்த கிழமை காரை நிறுத்திவிட்டு, ரீச்சர் கூப்பிட முந்தி உள்ளே போய்ப் பேத்திக்குப் பக்கத்தில் இரு. அவள் பிழையாக வாசித்தாலும் இரு. எனக்கு விளங்காது என்று அவளுக்கு முன்னால் ஒருநாளும் சொல்லாதே. தாய்க்கு இல்லாதது தனக்கும் இல்லையாக்கும் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். இவ்வளவு சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்டால், ஒன்றும் இல்லை. பிழை செய்தவனுக்கு அந்தப் பிழையின் நீள அகலம் தெரியும், அதனால் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. இன்றைக்கு எங்கள் உபயம். மேளத்துக்கு ஆரைப் பிடிப்பது என்று கேட்டபோது அம்மா தம்பிராசாவின் பெயரைச் சொன்னா. அவர் இப்போது அதிகம் வாசிப்பதில்லை, மூச்சு முந்தியைப்போல இல்லை என்கிறார். நேரே அவர் வீட்டுக்குப் போனேன். கதிரையில் இருக்கச் சொன்னார், நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே எல்லாம் சொன்னேன், கோயில் வாசலில் கொடுத்த வாக்கில் இருந்து குரக்கன் பாத்தி வரைக்கும். பாத்தி அவருக்குத் தெரியாத பகுதி. கேட்டுவிட்டு எழும்பி, நாயனத்தை உறையில் இருந்து எடுத்தார். பிறகு, "பிள்ளை கேக்கிறதெண்டால் தோடியே வாசிக்கிறன். ஃபோனிலை பிடிச்சு அனுப்புங்கோ. ஆனால் அண்ணை..." என்றார். அவர் முடிக்க முந்தி நான் சொன்னேன், "வெட்டமாட்டன் தம்பி." சிரித்தார்.

ஃபோனை முழுவதும் சார்ஜ் ஏற்றி மடியில் வைத்திருக்கிறேன். இருமல் வரும், தேங்காய் உடைக்கிற சத்தம் வரும், ஆரோ ஒருத்தி ஆரையோ சாப்பிடக் கூப்பிடுவாள், நடுவில் அவர் மூச்சு வாங்க நிறுத்தினாலும் நிறுத்துவார். எல்லாம் அப்படியே வரும். ஒரு மணித்தியாலம் போனாலும் பொத்தானில் என் விரல் படாது. நீ எழும்பிக் கை தட்டிய இடம் வரும்போது உனக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு அந்த நாயனம் எப்படிக் கீழே இறங்கியது என்று நீ கேட்டதில்லை. சினிமாப் பாட்டை ஏற்றி அழித்த பிறகு நானும் கேட்டதில்லை. நீ முதல் தரமாக, நான் இத்தனை வருடத்துக்குப் பிறகு, நாங்கள் இரண்டு பேரும் கேட்கப்போகிறோம். ஆனால் அதைக் கேட்க முந்தி, பிள்ளை, ஊர் பார்க்க உன்னை அடித்த இந்தக் கையால், ஊர் பார்க்கவே உன்னிடம் நான் கேட்கவேண்டியது

"இஞ்சாருங்கோ! உங்கை என்ன இன்னும் எழுத்து? தம்பிராசா சீவாளியை வாயிலை வைச்சிட்டார், ஓடி வாங்கோ!"

வாறன், வாறன்